உளியைக் கையில் கொடுத்தவர்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வியும் நம் சமூக முன்னேற்றமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். வாழ்நாளெல்லாம் பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்கு இது எளிய பொருள். நம் காலனியிலிருந்து பட்டம் பெற்றோர் இத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் இத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி, உங்கள் கைதட்டலையும் பெற்று நான் அமர்ந்துவிடலாம். ஆனால் எண்பதைக் கடந்த இந்த வயதில், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் என் மூத்த அண்ணன்.

நீங்கள் அமர்ந்திருக்கும் விசுப்பலகைகளில் பன்னிரண்டும், மேடைக்கு வலப்புறம் நிற்கும் நூலக அலமாரியும் அவர் கைகள் செய்தவை. அவற்றில் அவர் பெயர் எழுதப்படவில்லை. எழுத வேண்டுமென்று அவர் கேட்கவும் இல்லை. மலரில் அவரைப் புகழ்ந்து நான்கு வரி சேர்ப்பதற்காக நான் இங்கு நிற்கவில்லை. நான் அவருக்குப் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைத் தீர்க்காமலேயே அவரை மண்ணில் இட்டோம். அதை இந்த அவையின் முன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம். அந்தக் கடன் என்னுடையது மட்டும் அன்று; இங்கு அமர்ந்திருக்கும் படித்தவர் பலருடையதும் ஆகும் என்பதை உரையின் முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

எங்கள் வீடு ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரையில் இருந்தது. இன்று திருப்பத்தூர் மாவட்டம் என்கிறீர்கள். 2019ஆம் ஆண்டிற்கு முன் அது வேலூர் மாவட்டம். எங்கள் இளமையில் வட ஆர்க்காடு மாவட்டம். தந்தையார் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தார். அக்காலத்து வேலை முறையை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். உப்பிட்ட தோலை முதலில் நீரில் ஊறப் போடுவார்கள். பின்பு சுண்ணாம்புத் தொட்டியில் நாட்கணக்கில் கிடத்தி மயிரை இளக்குவார்கள். சரிவாக நிறுத்திய மரக்கட்டையின் மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் மயிரையும் சதையையும் வழிப்பார்கள். அதன்பின் ஆவாரம் பட்டைச் சாற்றில் தொட்டி மாற்றித் தொட்டி ஊற வைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாறு ஏற்றி, எண்ணெய் தடவிக் காய வைப்பார்கள். ஆவாரம் பட்டை போதாமல் போனபோது ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. பின்னாளில் பட்டைக்குப் பதில் குரோம் உப்பு வந்தது. எது வந்தாலும் தொட்டியில் இறங்கிய கால்கள் நம்முடைய கால்களே.

தந்தையாருக்குக் கால்களில் புண் ஆறாமல் போனபோது அண்ணன் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தார். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலை வந்தது. யார் படிப்பது என்று யாரும் விவாதிக்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் தந்தையாரின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவருடைய சிலேட்டு எனக்கு வந்தது. அவ்வளவே நடந்தது. இதைத் தியாகம் என்று நாம் இன்று மேடையில் சொல்லுகிறோம். அன்று அதற்குப் பெயரே இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கருடைய குடும்பத்திலும் உடன்பிறந்தோருள் அவர் ஒருவரே தேர்வில் தேறி உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றவர். 1907ஆம் ஆண்டு அவர் மெட்ரிக்குலேஷன் தேறியதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டில் படிப்பு நின்றுபோன மற்றவர்களை யார் நினைக்கிறோம்? மேலே ஏறிய ஒவ்வொருவருக்கும் பின்னால், ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற ஒருவர் இருப்பார்.

அண்ணனுக்குத் தோல் வேலை பிடிக்கவில்லை. ஆனால் ஒருநாளும் அதை இழிவென்று சொன்னதில்லை, நன்றாகவே செய்தார். அவர் மனம் முழுவதும் மரத்தின்மேல் இருந்தது. டேனரியில் மரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். சதை வழிக்கும் கட்டை மரம். தோலைப் புரட்டும் துடுப்பு மரம். எல்லாவற்றிற்கும் மேலாக, டிரம் மரம். இரண்டு ஆள் உயரத்திற்கு உருண்டு நிற்கும் அந்தப் பீப்பாயைக் கனத்த பலகைகளைச் சேர்த்து, வெளியே இரும்புப் பட்டை கட்டிச் செய்வார்கள். உட்புறம் வரிசையாக மர முளைகள் இருக்கும். டிரம் சுழலும்போது முளைகள் தோலை மேலே தூக்கிக் கீழே போடும்; அதனால் சாறு தோலின் உள்ளே இறங்கும். பலகைகளுக்கு இடையே பசை கிடையாது. நீர் பட்டதும் மரம் ஊதி, ஒன்றோடொன்று இறுகித் தானே அடைத்துக்கொள்ளும். நாலு நாள் காயவிட்டால் சுருங்கிச் சந்து விட்டு ஒழுகும். இதையெல்லாம் அண்ணனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிரம்மின் அருகில் நின்று பார்த்தே அறிந்தார்.

சரக்கு வந்திறங்கும் பெட்டிகளின் உடைந்த பலகைகளே அவருக்கு முதற்பாடம். துருப்பிடித்த கத்தி ஒன்றைக் கல்லில் தீட்டி உளியாக்கிக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு மணை, எனக்கு ஒரு சாய்வுப் பலகை, தெருக் குழந்தைகளுக்குப் பம்பரம் என்று இரவெல்லாம் செய்வார். புளிய மரம் கொட்டாப்புளிக்கு ஆகும், கருவேலம் பிடிக்கும் முளைக்கும் ஆகும், வேம்பில் பூச்சி அண்டாது, வெளிறை நம்பாதே, வைரம் பாய்ந்த பகுதியைப் பார்த்து எடு என்று அவர் எனக்குச் சொன்னவை இன்றும் காதில் ஒலிக்கின்றன. ஒரு பலகையை இழைப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பார். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுகொண்ட பிறகுதான் இழைப்புளியை வைப்பார். சுண்ணாம்பு தின்று வெடித்துப்போன அந்தக் கைகள் அப்போது எவ்வளவு மென்மையாக இருந்தன என்பதை நான் சிறுவனாக இருந்து கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல வேண்டும். 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்கள் பெயரிட்டார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, காமராசர் முதலமைச்சரான பின்னர், 1954இல் அது கைவிடப்பட்டது.

அப்பொழுது எனக்கு ஒன்பது வயது. பள்ளி அரைநாளாகச் சுருங்கிய போது எனக்கு மகிழ்ச்சியே, விளையாடலாம் அல்லவா? ஒருநாள் பிற்பகல், தொழில் கற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு டேனரிக்கு ஓடினேன். சுண்ணாம்புத் தொட்டியருகே நின்ற அண்ணன் என்னைக் கண்டதும் முகம் மாறினார். அவர் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். பிறகு என் கையைப் பற்றி அழைத்துச் சென்று, வெளியே அடுக்கியிருந்த மரப்பலகைகளின் மேல் உட்கார வைத்தார். “இந்த எடத்த விட்டு ஒரு அடி உள்ள வைக்காத தம்பி. புஸ்தகத்த எடுத்தா, படி” என்றார். அந்த ஆண்டு முழுவதும் என் பிற்பகல் பள்ளி அந்தப் பலகை அடுக்குதான்.

பின்னாளில் நான் சிந்தித்துப் பார்த்தேன். தொழிற்கல்வி வேண்டாம் என்பதா அண்ணனுடைய எண்ணம்? அன்று. தொழிலின்மேல் அவரைப் போல் காதல் கொண்டவர் எவர்? குலக்கல்வி அவருக்கு எதைக் கொடுத்திருக்கும்? தோலைக் கொடுத்திருக்கும், மரத்தைக் கொடுத்திருக்காது. தச்சன் மகனுக்கு உளி, நம் மகனுக்குச் சுண்ணாம்புத் தொட்டி என்று பிறப்பே எழுதிவைத்த பட்டியலில் அவருடைய விருப்பத்திற்கு இடம் எங்கே? சாதி என்பது உழைப்பைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு மட்டும் அன்று, உழைப்பவர்களையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று பாபாசாகேப் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் விளக்கினார். மனிதனுடைய இயற்கையான திறமையையும் நாட்டத்தையும் அது மதிப்பதில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அந்த நூலை நான் கல்லூரி வயதில் படித்தேன். ஆனால் அதன் பொருளைப் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தபோதே என் அண்ணன் எனக்குக் காட்டிவிட்டார்.

அந்தப் பிரிவினை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்லுகிறேன். டிரம்மைப் பழுது பார்க்க வெளியூரிலிருந்து ஒரு முதிய தச்சர் வருவார். வேலையில் வல்லவர். அண்ணன் தம் வேலை முடிந்ததும் அவருக்குப் பலகை தூக்கிக் கொடுப்பார், விளக்குப் பிடிப்பார். கருவிகளைத் தொட மட்டும் அனுமதி இல்லை. ஓராண்டு இப்படிக் கழிந்தது. ஒருநாள் தச்சர், தேய்ந்துபோன உளி ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார்? தரையில் வைத்து, காலால் அல்ல, ஒரு மரக்குச்சியால் தள்ளினார். அண்ணன் குனிந்து எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இதைக் கேட்டு நான் கொதித்தேன். “அதைத் தூக்கி ஆற்றில் போடு அண்ணா” என்றேன். அவர் உளியின் முனையைப் பார்த்துக்கொண்டே, “நல்ல எஃகுடா தம்பி. இது என்னாடா பண்ணுச்சு?” என்றார். மானம் இல்லாதவர் என்று அன்று நான் நினைத்தேன். அவர் எதையும் மறக்கவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகள் சென்றன. பட்டைச் சாற்றில் சுழன்ற ஒரு டிரம்மிலிருந்து வெளிவந்த தோல்களில் கருமையான கறைகள் விழுந்தன. பதனிட்ட தோலில் கறை விழுந்தால் விலை போகாது. தொழிலாளர்கள் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லி, அந்த அணியில் இருந்த எல்லோருக்கும் வாரக் கூலியில் பிடித்தம் என்றார்கள். பதினோரு குடும்பங்களின் அடுப்பு அது. அண்ணன் அன்றிரவு அனுமதி பெற்று, சிம்னி விளக்கோடு டிரம்மின் சிறு கதவு வழியே உள்ளே நுழைந்தார். ஒவ்வொரு முளையாகத் தடவிக்கொண்டே சென்றவர், ஓரிடத்தில் நின்றார். உடைந்த முளை ஒன்றை யாரோ அவசரத்தில் இரும்பு ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் இரும்புச் சத்துள்ள அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுத்துக்கு மை காய்ச்சியதும் இதே முறையில்தான். என் ஏட்டில் மையாகும் கறுப்பு, அவர் தோலில் கறையாக விழுந்தது. அண்ணன் ஆணியைப் பிடுங்கி எறிந்து, கருவேல மரத்தில் ஒரு முளை செதுக்கி அடித்தார். மறுநாள் தோல் மாசின்றி வந்தது. கூலிப் பிடித்தமும் நின்றது.

இரசாயனம் படித்த ஒருவர் இதைக் கண்டுபிடித்திருந்தால் பாராட்டுக் கடிதம் கிடைத்திருக்கும். அண்ணனுக்கு ஒரு தேநீர் கிடைத்தது. ஆனாலும் அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. டிரம் தச்சு வேலையைத் தமக்கே தரலாமே என்று கேட்டார். “சர்ட்டிபிகேட் இருக்கிறதா?” என்று கேட்டார்கள்.

அதுவும் நியாயமான கேள்விதான் என்று அண்ணன் சொன்னார். அரசாங்கத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் தச்சுப் பிரிவு உண்டு. நாட்டில் தொழிற்பழகுநர் சட்டமும் 1961இல் வந்துவிட்டது. விசாரித்துக்கொண்டு வந்தார். சேருவதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றார்கள். இ.எஸ்.எல்.சி. என்னும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாகவும் எழுதலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் இரவு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் செய்துகொடுத்த மேசையில், அவர் கூலியில் வாங்கிய விளக்கொளியில், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, தெனம் ஒரு மணி நேரம் எனக்குக் கணக்கும் இங்கிலீசும் சொல்லிக் குடுக்கிறியா? ஆறு மாசத்துல எழுதிடுவேன்” என்றார்.

நண்பர்களே, அவர் என்னிடம் தமக்கென்று எதையும் கேட்டவர் அல்லர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “என் பரீட்சை முடியட்டும் அண்ணா” என்றேன். பரீட்சை முடிந்தது. “ரிசல்ட் வரட்டும்” என்றேன். ரிசல்ட் வந்தது, தேறினேன். தெருவே கூடி மாலை போட்டது. அந்த மாலையை வாங்கி வந்தவரும் அவரே. அடுத்து ஆசிரியப் பயிற்சிக்கு வெளியூர் சென்றுவிட்டேன். இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது, பயிற்சிப் பள்ளியில் சேரும் வயது வரம்பு அவருக்குக் கடந்திருந்தது. அவர் மறுபடியும் கேட்கவில்லை. நானும் அதைப் பேசவில்லை.

ஊரார் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வூதியம் பெறுகிறவன் நான். என் முதல் மாணவனை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. இதுதான் நான் பட்ட கடன்.

அவருக்கு மனக்கசப்பு இருந்ததா என்று கேட்டால், நான் காணவில்லை. ஆசிரியனான பிறகு நான் தொல்காப்பியம் படித்தேன். உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் பிரிக்கிறார். அதன்படி பனையும் மூங்கிலும் புல் ஆகும் என்று பெருமையோடு அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்து, “பனையில உளி வெச்சவனுக்கு இது தெரியும்டா. அந்தப் பெரியவரும் உளி வெச்சுப் பாத்திருப்பாரு” என்றார்.

இன்னொரு செய்தியையும் அவரிடம் சொன்னேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர். மருத்துவம் படிப்பதற்கு முன்னர் தச்சும் கட்டட வேலையும் முறையாகப் பழகியவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்தது, ஆனால் கையேந்துவதைத் தவிர வேறு பிழைப்பு அவர்களுக்கு இல்லை. ஊரும் உறவும் ஒதுக்கியவர்கள் அல்லவா? ஆகவே அவர்களுக்கென்று ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கி, தச்சு வேலை கற்பித்து, மரப்பொம்மைகள் செய்ய வைத்தார். அந்தக் கைகளுக்கு வலி தெரியாது. ஆகவே காயம் பட்டாலும் அறிய மாட்டார்கள். நாள்தோறும் கைகளைச் சோதித்துப் பார்ப்பதும், கருவியின் பிடியைக் கைக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பதும் அங்கே வழக்கமாயிற்று.

எல்லாவற்றையும் கேட்ட அண்ணன், “பிடிய எப்பிடி மாத்துனாரு?” என்று ஒரே கேள்வி கேட்டார். தடிமனாகவும் வழவழப்பாகவும் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுவாரம், சுண்ணாம்பில் விரல் மரத்துப்போன தந்தையாருக்குக் கருவேலங்கட்டையில் ஓர் ஊன்றுகோல் செய்தார். அதன் பிடி அவர் உள்ளங்கைக்கு அளவெடுத்துக் கடைந்தது போல் இருந்தது. படிப்பின் பயன் என்ன என்று நான் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஒரு செய்தியைக் கேட்டவுடன் அதைக்கொண்டு அடுத்தவருடைய வலியைக் குறைக்கத் தெரிந்தவரே படித்தவர் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தொடங்கிய நாளில் நம்மிடம் நாற்காலி வாங்கப் பணம் இல்லை. டேனரியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அண்ணன், தாம் வேலை செய்த இடத்தில் பழைய டிரம் ஒன்றைப் பிரித்துப் போடுகிறார்கள் என்று அறிந்து, அந்தப் பலகைகளை விலைக்குக் கேட்டு வாங்கினார். ஆண்டுக்கணக்கில் சாறு குடித்துக் கறுத்த பலகைகள் அவை. மேல்தோலை இழைத்து எடுத்ததும் உள்ளே மரம் பொன்னாக மின்னியது. நீங்கள் அமர்ந்திருக்கும் விசுப்பலகைகள் அந்த டிரம்தான். நம் அப்பன்மாரும் பாட்டன்மாரும் உருட்டிய டிரம்மின்மேல் உட்கார்ந்து நம் பிள்ளைகள் இன்று பாடம் படிக்கிறார்கள். இவற்றில் ஓர் இரும்பு ஆணியும் இல்லை. குனிந்து பாருங்கள், எல்லாம் துளையும் கழுந்தும், கருவேல முளையும்தான்.

அப்போது மாலை வேளைகளில் சில பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நிற்பார்கள். பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். “பொண்ணுங்களுக்கு எதுக்கு உளி?” என்று யாரோ கேட்டதற்கு, “ஷூ கம்பெனியில மிஷின் ஓட்டுற கைதான, இதையும் ஓட்டும்” என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் உளியைக் கொடுக்கும்போது, முனையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடியை அந்தப் பிள்ளையின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுத்தான் தம் கையை எடுப்பார். கீழே வைத்திருக்கும் கருவியை ஒரு சிறுவன் தானே எடுக்கப் போனால் தடுத்து, “இரு, கையில வாங்கு” என்பார். பாதுகாப்புக்காகச் செய்கிறார் என்று நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் திடீரென்று எனக்குத் தரையில் தள்ளப்பட்ட அந்தத் தேய்ந்த உளி நினைவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதை மறக்கவில்லை. பழிக்குப் பழி என்று கொள்ளாமல், தம்மிடம் கற்க வந்த எந்தக் குழந்தைக்கும் அந்த அவமானம் நேராதபடி பார்த்துக்கொண்டார். மானம் இல்லாதவர் என்று நான் நினைத்த மனிதரின் மானம் இவ்வளவு உயரமானது.

இளைஞர்களே! இந்த நினைவிலிருந்து மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது. உங்கள் வீட்டில் உங்களுக்காகப் படிப்பை விட்ட அண்ணனோ அக்காளோ இருப்பார்கள். தோல் வேலையிலும் ஷூ கம்பெனியிலும் தேய்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய், உனக்கு என்ன படிக்க ஆசை என்று ஒருமுறை கேளுங்கள். எட்டாம் வகுப்பானாலும் பத்தாம் வகுப்பானாலும் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். என் பரீட்சை முடியட்டும் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லின் விலையை அறிந்தவன் சொல்லுகிறேன்.

இரண்டாவது. கைத்தொழிலை இழிவாக எண்ணாதீர்கள். அதே நேரத்தில், பிறப்பைக் காட்டி உங்கள்மேல் எவரும் ஒரு தொழிலைச் சுமத்தவும் விடாதீர்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மருத்துவராக ஆசையா, மருத்துவம் படியுங்கள். மரத்தில் ஆசையா, அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெறுங்கள். பட்டியல் இனத்தவர்க்கு அங்கே இட ஒதுக்கீடு உண்டு. சொந்தத் தொழில் தொடங்க 1974இல் அமைந்த தாட்கோ நிறுவனம் இருக்கிறது. உரிமைகளை அறியாமல் என் அண்ணனைப் போல் வாசலோடு திரும்பிவிடாதீர்கள். ஆசைப்பட்ட தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கல்வி நமக்குத் தரும் முதல் விடுதலை.

மூன்றாவது, சங்க நிர்வாகிகளுக்கு. இந்தக் கட்டடத்தின் பின்புறத்தில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு தச்சுப் பட்டறையைத் தொடங்குங்கள். மாலைப் பாடசாலைக்கு வரும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வாரம் ஒரு நாளாவது அங்கே மரத்தைத் தொடட்டும். எல்லோரும் தச்சர்கள் ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. தன் கை எதைச் செய்ய விரும்புகிறது என்பதை அறியும் வாய்ப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன். அண்ணனுடைய கருவிப் பெட்டியை இன்று எடுத்து வந்திருக்கிறேன். இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம், கொட்டாப்புளி, ஏழு உளிகள். ஏழாவது, அந்தத் தேய்ந்த உளி. கல்லில் தீட்டித் தீட்டி இப்போது விரல் நீளம்தான் இருக்கிறது. இன்றும் வெட்டும்.

தலைவர் அவர்களே, இதை மேசையின்மேல் வைத்துவிட்டு நான் போய்விட முடியாது. அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார். நம் மாலைப் பாடசாலையின் மிக இளைய மாணவி மேடைக்கு வரட்டும். முனை என் பக்கம் இருக்கட்டும். அம்மா, கையை நீட்டு, வாங்கிக்கொள்.